அண்ணன் அறையில் இருக்கும்போது கேட்கக் கூடாத கேள்வி

சிகரெட் பிடிப்பீர்களா என்று ஒருவரிடம் கேட்பதற்கு முன்னால், அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒருவர், அவர் ஒருவர். மூன்றாவதாக ஒரு தலை தெரிந்தால் கேள்வியை விழுங்கிவிட்டு மழையைப் பற்றிப் பேசுங்கள். சிங்கப்பூரில் மழைக்குப் பஞ்சமில்லை. நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கருவியோடு வரும் கையேட்டில் இருக்கிறது.

ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் கேட்க மாட்டீர்களோ என்று எனக்குக் கவலை. எனக்கு எல்லாவற்றுக்கும் கவலை. கவலை வந்தால் எண்ணத் தொடங்கிவிடுவேன். பேருந்தில் ஏறினால் சன்னல்களை எண்ணுவேன். திறப்பவை எத்தனை, திறக்காதவை எத்தனை என்று. சாப்பாட்டுக் கடையில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிய பிறகே அதன் கீழே உட்காருவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். அந்த வியாதிக்குத்தான் மருத்துவமனை எனக்குப் பல வருடம் சம்பளம் கொடுத்தது என்று நான் சொல்வேன்.

தலைகளை எண்ணிய பிறகு பற்களையும் எண்ணுங்கள். இது கையேட்டில் இல்லை. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். பலம் கொண்ட மட்டும் ஊதச் சொன்னேன். ஊதினார். மேல் வரிசைக் கட்டுப்பல் முழுவதும் குழாய்க்குள் போய்விட்டது. கோடு போடும் பேனா அப்படியே நின்றது. நுரையீரல்தான் அடைத்துக்கொண்டது என்று நான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டேன். அடைத்திருப்பது வேறு என்று ஓட்டுநர் எனக்குச் சொல்ல முயன்றார். பல் இல்லாததால் அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

சரி, சிகரெட் விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் கூடத்தில் இருந்த கருவி ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ஒரு டப்பா கவிழ்ந்து மிதக்கும். குழாயில் ஊதினால் டப்பா எழும்பும். அதோடு சேர்த்துக் கட்டிய பேனா சுழலும் தாளில் கோடு போடும். நல்ல நுரையீரல் முதல் நொடியிலேயே காற்றில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன நுரையீரல் பழைய தக்காளிச் சாஸ் புட்டி மாதிரி. எவ்வளவு தட்டினாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரும். நான் பக்கத்தில் நின்று, ஊது, ஊது என்று நான்கு மொழிகளில் கத்துவேன். அதுதான் என் வேலை.

எங்கள் டாக்டர் சீனர். நல்ல மனிதர், எளிதில் உற்சாகமாகிவிடுகிறவர். அவரை ஒரு கேள்வி பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரே மாதிரி சிகரெட் பிடிக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு நுரையீரல் நாசமாகிறது, இன்னொருவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஏன்? பதிலின் ஒரு துண்டு அப்போதே தெரியும். நுரையீரலைக் காக்கிற ஒரு புரதம் நம் ரத்தத்தில் இருக்கிறது. சில குடும்பங்களில் பிறவியிலேயே அது குறைவு. அவர்கள் புகைத்தால் சீக்கிரம் மூச்சு போய்விடும். அது அபூர்வம். மற்றவர்களுக்கு ரத்தத்தில் வேறு என்ன இருக்கிறது, யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க டாக்டர் அண்ணன் தம்பிகளை, அக்காள் தங்கைகளைச் சேர்த்து வரவழைத்தார். ஒன்றாக உட்கார வைத்து, ஒன்றாகக் கேள்வி கேட்டு, ஒன்றாக ரத்தம் எடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவுபடுத்துவார் என்று நினைத்தார்.

அப்படித்தான் சவரிமுத்துவும் அந்தோணியும் வந்தார்கள். சவரிமுத்துவுக்கு அறுபது தாண்டியிருக்கும். லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை. தம்பி அந்தோணிக்கு ஐம்பது இருக்கும். அதே கடையில் அண்ணனோடு வேலை, குடியிருப்பு ஆங் மோ கியோவில். தகப்பனார் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அண்ணன்தான். அண்ணன் உட்கார்ந்த பிறகுதான் தம்பி உட்கார்ந்தார், அதுவும் நாற்காலியின் விளிம்பில்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.

“ஐயா, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?”

“ஒரு நாளைக்கு ரெண்டு பெட்டி. எழுதுங்க. இதுல மறைக்க என்ன இருக்கு?” என்றார் சவரிமுத்து.

“இருமல் உண்டா?”

“உண்டு. கடையில பின்பக்கம் போறப்ப வரும்.”

“மத்த நேரத்துல?”

“மத்த நேரத்துல எதுக்கு வரணும்?”

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். கடையின் பின்பக்கம் மிளகாய் மூட்டைகள் உண்டா என்று கேட்கச் சொன்னார். உண்டு. நாட்பட்ட இருமல், மிளகாய்த் தூசியாக இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்.

பிறகு அந்தோணியைக் கேட்டேன். நீங்க பிடிப்பீங்களா?

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனின் செருப்பைப் பார்த்தார், மேலே மின்விசிறியைப் பார்த்தார். “சே சே,” என்றார்.

“என் தம்பி தொட மாட்டான்,” என்றார் சவரிமுத்து, சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு.

ஊத வைத்தோம். சவரிமுத்து ஊதியதில் தொட்டித் தண்ணீர் தரையில் சிந்தியது. அவர் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட மேலான அளவு. அந்தோணி ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். சாஸ் புட்டி. மாடிப்படி ஒரு தளம் ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவரின் கோடு அது. ரத்த முடிவு வந்தபோது, நுரையீரலைக் காக்கிற அந்தப் புரதம் இருவருக்கும் சரியாகவே இருந்தது.

டாக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கொள்ளையாகப் புகைக்கிற அண்ணனுக்கு ஒன்றுமில்லை. தொடாத தம்பிக்கு நுரையீரல் போய்விட்டது. தெரிந்த புரதம் சரியாக இருக்கிறது. அப்படியானால் இதுவரை யாரும் காணாத பரம்பரைக் காரணம் ஒன்று இந்த மளிகைக்கடைக் குடும்பத்தில் ஓடுகிறது. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் திரையில் போட்டுக் காட்ட வண்ணப் படங்கள்கூட தயாராகத் தொடங்கின. சகோதரர்களை வரவழைத்துச் சொன்னார்: இது சிகரெட்டால் வந்ததல்ல, உங்கள் குடும்ப ரத்தத்தில் இருக்கிறது.

நான் மொழிபெயர்த்தேன். அந்தோணியின் முகம் மலர்ந்தது.

“சிகரெட்டால இல்லன்னா சொல்றாரு?”

“ஆமாண்ணே.”

“சரியாக் கேட்டீங்களா? இன்னொரு தடவை கேட்டுச் சொல்லுங்க சார்.”

இன்னொரு தடவை கேட்டுச் சொன்னேன். அவர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நுரையீரல் போய்விட்டது என்ற செய்திக்கு நன்றி சொன்ன ஒரே நோயாளி அவர்தான். கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் கிராம்பை மென்றுகொண்டே திரும்பி வந்தார்.

இதோடு நின்றிருந்தால் மாநாட்டில் ஒரு தவறான படம், அவ்வளவுதான். ஆனால் அந்தோணிக்கு அது கௌரவமான வியாதியாகப் பட்டது. மூச்சிரைப்புக்குக் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொன்னார்: டாக்டரே சொல்லிட்டார், எங்க ரத்தத்துல இருக்காம். அவருடைய மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்களுடைய கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரமே மாப்பிள்ளை வில்சனின் தகப்பனார், உட்லண்ட்ஸில் இருக்கும் கணக்கு வாத்தியார் மரியதாஸ், இரண்டாவது ஓலையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமே என்று சொல்லி அனுப்பினார். குடும்பத்தில் பரம்பரை வியாதி என்று கேள்விப்பட்டாராம்.

ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தாள். மதிய இடைவேளையில், கையில் குடையோடு, உட்காராமல் பேசினாள்.

“அங்கிள், எங்க அப்பா ஸ்மோக் பண்றாருலா.”

“அவர் இல்லைன்னு சொன்னாரே.”

“யார் இருந்தா பக்கத்துல? பெரியப்பாதானே? பெரியப்பா முன்னாடி எப்படிச் சொல்வாரு? புளோக் கீழ தபால் பெட்டி பக்கத்துல நின்னு ஊதுவாரு. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், லிஃப்ட் கழுவுற ஆளுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது. நீங்க போய் வில்சனோட அப்பாகிட்ட சொல்லுங்க, அது ரத்தம் இல்ல, சிகரெட்டுன்னு.”

“நான் சொல்ல முடியாதும்மா. உங்கப்பா வாயால வரணும்.”

“அவர் வாயில புகைதான் வரும்,” என்றாள் ஸ்டெல்லா.

அப்பாவைத் தனியாக அனுப்பச் சொன்னேன். மறுநாள் அந்தோணி வந்தார். கதவைச் சாத்தினேன். தலைகளை எண்ணினேன். இரண்டு. கேட்டேன்.

“பத்தொன்பது வயசுலேர்ந்து,” என்றார். “நாளைக்கு ஒரு பெட்டி. டாக்டர் சிகரெட்டால இல்லன்னு சொன்னதுக்கப்புறம் ஒன்றரை.”

“ஏண்ணே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“அண்ணன் பக்கத்துல உக்காந்திருக்கு. எப்படி சார்?”

“உங்களுக்கு ஐம்பது வயசாச்சு.”

“அண்ணனுக்கு எனக்கு முன்னாடியே ஐம்பதாச்சு.”

மரியதாஸிடம் சொன்னால் கல்யாணம் நடக்கும் என்றேன். அவரிடம் சொன்னால் அது அண்ணன் காதுக்குப் போகும் என்றார். மகள் கல்யாணமா, அண்ணனா என்று கேட்டேன். அந்தோணி யோசித்தார். ஒரு தகப்பன் யோசிக்க வேண்டியதைவிட நெடுநேரம் யோசித்தார்.

“டாக்டர்கிட்ட வேணா சொல்லிக்குங்க,” என்றார் கடைசியில். “அவருக்குத் தமிழ் தெரியாது. அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது.”

டாக்டரிடம் சொன்னேன். அவர் வண்ணப் படம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மேசையில் கவிழ்த்து வைத்தார். “அப்படியானால் மற்ற குடும்பங்கள்?” என்றார். இருவரும் கோப்புகள் இருந்த அலமாரியைப் பார்த்தோம்.

மற்றவர்களை ஒவ்வொருவராக, தனியாக, மறுபடியும் கேட்கத் தொடங்கினேன். இல்லை என்றவர்களில் நிறையப் பேர் ஆமாம் ஆனார்கள். ஒரு மாமியார் மருமகளுக்குத் தெரியாமல் சுருட்டுப் பிடித்தார். மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் சிகரெட் பிடித்தாள். இரண்டு பேரும் வீட்டுக் கழிவறையின் ஒரே சன்னலை வேறு வேறு நேரத்தில் பயன்படுத்தி, அந்த வாடை பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீனக் குடும்பங்களில் இந்தத் தொல்லை குறைவாக இருக்கும் என்று டாக்டர் நம்பினார். தன் சொந்தத் தம்பியைத் தனியாகக் கேட்டுப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே இரண்டாவது ஓலைக்குரிய ஞாயிறு நெருங்கியது. சவரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. ஒளிவு மறைவு வேண்டாம், எல்லாரும் டாக்டரிடமே போய்க் கேட்போம் என்று சொல்லி, இரண்டு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு முன்னறிவிப்பு இல்லாமல் வந்துவிட்டார்.

டாக்டரின் அறையில் நாற்காலி நான்கு. ஆட்கள் ஏழு. டாக்டர், நான், சவரிமுத்து, அந்தோணி, ஸ்டெல்லா, மரியதாஸ், அவர் மகன் வில்சன். வில்சன் நல்ல உயரம், அலமாரியில் சாய்ந்து நின்றான்.

மரியதாஸ் தொடங்கினார். “டாக்டர், நான் கணக்கு வாத்தியார். சுத்தி வளைக்க வேணாம். இந்த வியாதி என் பேரப்பிள்ளைகளுக்கு வருமா, வராதா?”

நான் மொழிபெயர்த்தேன். டாக்டருக்கு உண்மை தெரியும். ஆனால் அது அவரை நம்பி அந்தோணி ஒப்படைத்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன், மூன்று இறக்கைகள். வேறு வழியில்லாமல் டாக்டர் புரதத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார்.

“தம்பி, என்ன சொல்றாரு?” என்று என்னிடம் கேட்டார் சவரிமுத்து.

“புரதம்ங்கிறார், ஐயா.”

“பருப்புலதான் புரதம் இருக்கு. எங்க கடையில இல்லாத பருப்பா?” அவர் மரியதாஸ் பக்கம் திரும்பினார். “இங்க பாருங்க. எங்க ரத்தத்துல குறை இருக்குன்னா நானே சாமியார்கிட்ட போய் ஓலைய நிறுத்தச் சொல்லிடுறேன். மறைச்சு வச்சுப் பொண்ணு குடுக்குற குடும்பம் இல்ல இது.”

ஸ்டெல்லா குடையின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். அவள் அப்பாவையே பார்த்தாள். அந்தோணியின் வாய் திறந்தது. அண்ணனைப் பார்த்தார். வாய் மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. நான்கு முறை. தேக்கா சந்தையில் ஈரத் தரையில் விழுந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்? உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் கல்யாணம் பிழைத்திருக்கும். ஆனால் நோயாளி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதைக் கதவைத் திறந்து வைத்துச் சொல்கிறவனிடம் அடுத்த நோயாளி எதையும் சொல்ல மாட்டார். என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. தலைகளைக் குறைக்கலாம்.

“ஐயா, நீங்க ரெண்டு நிமிஷம் வெளிய இருக்கீங்களா?” என்றேன் சவரிமுத்துவிடம்.

“நான் எதுக்கு?”

“தம்பியை மறுபடி ஊத வைக்கணும். ரூம்ல கூட்டம். காத்து பத்தாது.”

கருவி அடுத்த அறையில் இருந்தது என்பது எனக்குச் சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. சவரிமுத்து அறையில் இருந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“நான் ஒருத்தன் போனாப் பத்துமா?”

“பத்தும், ஐயா.”

தம்பியை ஒரு கணம் பார்த்தார். எழுந்தார், போனார், கதவைத் தானே சாத்தினார்.

அந்தோணி ஒரே மூச்சில் பேசினார். அந்த நுரையீரலிலிருந்து அவ்வளவு காற்று ஒரு நாளும் வந்ததில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். “மரியதாஸ் சார், நான் சிகரெட் பிடிப்பேன், பத்தொன்பது வயசுலேர்ந்து பிடிக்கிறேன், இது ரத்தம் இல்ல, என் கொழுப்பு, என் பொண்ணு அதத் தொட்டதே இல்ல, கல்யாணத்த நிறுத்தாதீங்க, எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

மரியதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது கதவுக்கு வெளியே இருமல் கேட்டது. நிதானமான, உரத்த, மூன்று இருமல்கள். அந்தோணி துள்ளி எழுந்தார். அவருடைய வலது கை எதையோ கீழே போட்டது. இடது கை முகத்துக்கு முன்னால் இல்லாத புகையை விசிறியது. கதவு திறந்தது.

“சொல்லிட்டியாடா?” என்றார் சவரிமுத்து.

“என்னதுண்ணே?”

“முப்பது வருஷமா, கடைப் பின்சந்துக்கு வர்றதுக்கு முந்தி நான் எதுக்குடா இருமுறேன்? எனக்கென்ன சளியா? இவங்க பேப்பர்லயே போட்டிருக்கு, என் நுரையீரல் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு. நீ கீழ போட்டு மிதிக்கிறதுக்கு நேரம் குடுக்கணும்ல?”

டாக்டர் என் சட்டைக் கையை இழுத்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து, நாட்பட்ட இருமல், மிளகாய்த் தூசி என்ற வரியைத் தேடி அடித்தார்.

“அப்ப அன்னிக்கு ஏன் ஐயா, என் தம்பி தொட மாட்டான்னு சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“வேற என்ன சொல்றது? ஊர் பேர் தெரியாத ஆளுங்க முன்னாடி அவன் மானத்த வாங்கவா?”

கணக்கு வாத்தியார் விடவில்லை. “ஒரு நிமிஷம். தம்பி ஒரு பெட்டி. அண்ணன் ரெண்டு பெட்டி. தம்பிக்கு நுரையீரல் போச்சு, அண்ணனுக்குப் போகல. அப்படின்னா ரத்தத்துல ஏதோ இருக்குன்னுதானே கணக்கு வருது?”

அந்த அறையில் அன்று பேசப்பட்டதில் அறிவுள்ள கேள்வி அதுதான். டாக்டரின் முகத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. நீங்கள் சொல்வது சரி என்றார். “மாடி வீடுகளில் மேல்தளத்தில் இரண்டு வீடு. ஒரே மழை. ஒரு வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இன்னொன்று ஒழுகவில்லை. கூரைக்குக் கூரை கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இருக்கிறது. அது பிறவியில் வருவது. இவர் மகளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் மழையே பெய்யாவிட்டால் விரிசல் விழுந்த கூரையும் காய்ந்துதான் கிடக்கும்.” பிறகு சவரிமுத்து பக்கம் திரும்பி, உங்கள் கூரை ஒழுகவில்லை என்பதற்காக இதயமும் மற்றதும் தப்பித்துவிடும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார். அதை நான் மொழிபெயர்த்தபோது சவரிமுத்து நாட்காட்டியைப் பார்த்தார்.

“நான் சிகரெட்டத் தொட்டதில்ல, அங்கிள்,” என்று ஸ்டெல்லா மரியதாஸிடம் சொன்னாள். “என் கூரை எப்படியோ, என் வீட்டுல மழை இல்ல. உங்க வீட்டுல எப்படி?”

“எங்க வீட்டுலயா? என் பையனா?” என்றார் மரியதாஸ். “சே சே.”

எல்லாரும் வில்சனைப் பார்த்தோம். வில்சன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மரியதாஸின் பக்கத்தில் போனேன். “சார், நீங்க ரெண்டு நிமிஷம் வெளிய இருக்கீங்களா?”

“நானா? எதுக்கு?”

“காத்து பத்தல.”

அவர் போனார். கணக்குத் தெரிந்தவர் என்பதால் முகம் வெளுத்துத்தான் போனார். வில்சன், நாலஞ்சுதான் என்றான். நேத்து ரெண்டுன்னு சொன்னே என்றாள் ஸ்டெல்லா. மூன்றாவது ஓலைக்கு முன்னால் அது பூச்சியமாக வேண்டும், இல்லாவிட்டால் சாமியார் தடை ஏதும் உண்டா என்று கேட்கும்போது தானே கையைத் தூக்கப்போவதாகச் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில், சவரிமுத்துகூட தன் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது.

உங்களிடம் இன்று மரபணுவையே படிக்கும் கருவிகள் இருக்கின்றன. எங்கள் டாக்டர் தேடிய கூரை வித்தியாசம் ஒன்றல்ல, சின்னச் சின்னதாக நிறைய என்று சொல்கிறார்கள். எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் பெரிய கருவியின் முடிவுக்குப் பக்கத்தில் புகைப்பவர், புகைக்காதவர் என்று யாரோ ஒருவர் கேட்டு எழுதிய ஒரு சொல் இன்றும் இருக்கிறது. அந்தச் சொல் பொய் என்றால் கருவி காட்டுவதும் பொய். அதனால்தான் தலைகளை எண்ணச் சொல்கிறேன்.

அன்று டாக்டரின் அறையிலிருந்து அவர்கள் புறப்படும்போது நடைவழியில் சவரிமுத்து தம்பியை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் சிகரெட் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

“எடு.”

“வேணாம்ணே.”

“முப்பது வருஷம் ஓடி ஒளிஞ்சது போதும். இனிமே உனக்குப் பிடிக்கணும்னா என் முன்னாடிதான் பிடிக்கணும். வேற எங்கயும் கூடாது. இது என் உத்தரவு.”

அந்தோணி ஒன்றை எடுத்தார். உதட்டுப் பக்கம் கொண்டுபோனார், அண்ணனைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். சவரிமுத்து அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அப்புறமாக் கேட்டு வாங்கிக்கோ என்றார்.

அன்றிலிருந்து கடை அடைத்த பிறகு சவரிமுத்து பேருந்து ஏறி ஆங் மோ கியோவுக்குப் போய், தம்பியின் எதிரில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து மேசையில் வைப்பாராம். ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. அந்தோணி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அண்ணன் முன்னால் அவரால் ஒன்றைக்கூடப் பற்ற வைக்க முடியவில்லை. அண்ணன் இல்லாத இடத்தில் பிடிப்பது உத்தரவை மீறுவது. ஸ்டெல்லா இதை என்னிடம் சொன்னபோது அழுதாளா சிரித்தாளா என்று என்னால் கணக்கெடுக்க முடியவில்லை.

கல்யாண விருந்துக்கு என்னையும் டாக்டரையும் அழைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது படிக்கட்டின் பக்கத்தில் சகோதரர்கள் நின்றிருந்தார்கள். அந்தோணியின் கையில் ஒரு சிகரெட் இருந்தது. மகளை அனுப்பி வைத்த மனது, கேட்டு வாங்கியிருக்கிறார். சவரிமுத்து மறுப்புச் சொல்லாமல் தீக்குச்சியை உரசி, கையை நீட்டினார்.

எங்கள் தொழிலில் பழைய சோதனை ஒன்று உண்டு. எரியும் தீக்குச்சியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, வாயைக் குவிக்காமல் ஊதி அணைக்கச் சொல்வோம். நுரையீரல் கெட்டுப்போனவரால் முடியாது. நான் டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்தோணி சிகரெட்டைப் பற்ற வைக்கவில்லை. தீக்குச்சியைப் பார்த்து ஊதினார். சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி ஊதினார். சுடர் குச்சியில் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது ஊதலில் அணைந்தது.

அதற்குள் சுடர் சவரிமுத்துவின் விரல் வரைக்கும் வந்திருந்தது. அவர் கையை உதறவே இல்லை.